ரத்தினபாய்க்காக நான் ஓட்டிய சீரியல்

போன வாரம் நாலு நாள், தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு, நான் என் மனைவியிடம் பொய் சொன்னேன்.

ஒன்றிரண்டு பொய் அல்ல. அரை மணி நேரம் மூச்சு விடாமல் பொய். விளம்பரம் வரும்போது மட்டும் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

சண்டைக்கு வராதீர்கள். டாக்டர் சொல்லித்தான் செய்தேன்... அதாவது, டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி செய்தேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — நான் பந்தல்காரன். பந்தல், நாற்காலி, மேஜை, அண்டா, பாயசம் காய்ச்சும் வார்ப்பு... பெண்ணும் மாப்பிள்ளையும் தவிர ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாமே என் குடோனில் இருக்கிறது. படிப்பு? அஞ்சாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் கலந்து பேசி, இது போதும் என்று முடிவு செய்தோம். கோட்டாறு கம்போளத்தில் வாங்கிய ஒற்றை வார்ப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து தொழில் தொடங்கியவன். இன்று லாரி இருக்கிறது. லாரியில் என் பெயர் இருக்கிறது. பெயரைச் சுற்றி லைட் எரிகிறது. நாஞ்சில் நாட்டில் என் பந்தல் நிழலில் உட்காராதவர் யாராவது இருந்தால், அவர் வெயில் பிரியராகத்தான் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட என்னை, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கதை சொல்ல வைத்தது ஒரு கண்.

என் மனைவி ரத்தினபாய்க்குக் கண்ணில் புரை. முந்தின சனிக்கிழமை நாகர்கோவிலில் வலது கண்ணுக்கு ஆப்பரேஷன். இடது கண்ணுக்குச் சில வருஷம் முன்னாலேயே செய்தாகிவிட்டது. அது சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே சீரியலில் ஒரு தாத்தா செத்துப்போனார். நல்ல மனிதர். ரத்தினபாய் அழுதாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். கண் சிவந்து, வீங்கி, ஊசியும் சொட்டு மருந்துமாக அலைந்தோம். கடைசியில் அந்தக் கண்ணுக்குள் ஒரு பனிமூட்டம் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

தாத்தாவாக நடித்தவர் இப்போது வேறு சேனலில் சுகமாக இருக்கிறார்.

ஆக, ரத்தினபாய்க்கு மிச்சம் இருப்பது இந்த வலது கண். இதுவும் போனால் பைபிள் வாசிக்க முடியாது, மீனில் முள் பார்க்க முடியாது, என் சட்டையில் கறை கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கு அப்புறம் என்ன வாழ்க்கை?

டாக்டரம்மா சின்ன வயசுதான். ஆனால் கறார். "கண்ணைத் தேய்க்கக் கூடாது. குனியக் கூடாது. தலைக்குத் தண்ணி விடக் கூடாது. ஒரு வாரம் டிவி, செல்போன் பாக்கக் கூடாது."

ரத்தினபாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சீரியல்?"

"அதுவும் டிவிலதானேம்மா வருது?"

"பாக்கல்ல. கேக்கலாம்லா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டுக்குங்க. ஆனா அழக் கூடாது. அழுறதால கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அழுதா கை தானாப் போய்த் தேய்க்கும். போன தடவை என்ன ஆச்சுன்னு பாத்தோம் இல்ல?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, இது உங்க பொறுப்பு."

பொறுப்பு என்ற வார்த்தையை என்னிடம் சும்மா சொல்லக் கூடாது. சொன்னால் நான் முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

திங்கட்கிழமை. டிவிக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு ரத்தினபாய் உட்கார்ந்தாள். டிவியே போட வேண்டாமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அதற்கே உதடு துடிக்கத் தொடங்கியது. உடனே ரிமோட்டை எடுத்துவிட்டேன்.

அந்த சீரியலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு மருமகள் — ரத்தினபாய் அவளை 'நம்ம பிள்ள' என்பாள். ஒரு மாமியார் — தூங்கும்போதும் நகை போட்டிருப்பதால் அவளுக்கு 'நகைக்கடை' என்று பெயர். எப்போதும் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கும் நாத்தனார் 'கதவுக்காரி'. மருமகளின் புருஷன் வாய் திறக்காமல் நட்டுவைத்த மாதிரி நிற்பான். அவன் 'தூண்'. பெயர் வைத்ததெல்லாம் ரத்தினபாய்தான். அந்த டைரக்டர் வைத்த பெயர்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

திங்கள் எபிசோடு தொடங்கியது. நம்ம பிள்ளைக்கு வளைகாப்பு. நகைக்கடை வருகிறாள். "என் செயினைக் காணோம்" என்கிறாள். கன்னத்தில் ஓர் அடி. உடனே அழுகைப் பாட்டு எழும்பியது... வயலின் வேறு.

ரத்தினபாயின் தாடை லேசாக ஆடியது. கை மடியிலிருந்த முந்தானையைத் தேடியது.

நான் ரிமோட்டை அழுத்தினேன். டிவி ஊமையாகிவிட்டது.

"இஞ்ச பாருங்க, சவுண்டு எங்க?"

"போச்சு. இந்த சேனலுக்கு மட்டும் போச்சு. கேபிள்காரன் என்னமோ நோண்டியிருக்கான்."

"படம் தெரியுதா?"

"படம் பளிச்சுண்ணு தெரியுது."

"பின்ன என்னத்துக்கு சும்மா இருக்கிய? பாத்துச் சொல்லுங்க."

இப்படித்தான் நான் கதாசிரியன் ஆனேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பந்தல் போடவும் யாரும் சொல்லித் தரவில்லை.

திரையில் நகைக்கடை கையை நீட்டி வாசலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "செயின் கெடச்சாச்சு. கட்டிலுக்கு அடியில கிடந்திருக்கு. நகைக்கடைக்கு ஒரே வெக்கம். பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கா."

"அதுக்குள்ளயா? நான் இது ஒரு மாசம் ஓடும்னுல்லா நெனச்சேன்."

"டைரக்டர் மாறிட்டான் போல. வேகமா போறான்."

சத்தமில்லாமல் சீரியல் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தரம் பாருங்கள். பல உண்மைகள் தெரியவரும். அந்த வீட்டில் அத்தனை சோபா கிடக்கிறது, ஒருத்தர் உட்காருவதில்லை. எல்லோரும் நிற்கிறார்கள். ஒருத்தருக்கும் பசிப்பதில்லை. ஒரு அடி விழுந்தால் காமிரா ஒவ்வொரு முகமாகப் போய் விசாரிக்கிறது — உனக்குத் திடுக்கென்றதா? உனக்கு? உனக்கு? நாற்காலியில் தூசி தட்டுகிறவனுக்குக்கூடத் திடுக்கென்கிறது. அந்த ஓர் அடி விழுந்து முடிவதற்குள் என் ஆட்கள் சுசீந்திரத்தில் ஒரு பந்தலுக்குக் கால் நட்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சிக்கல் வந்தது. பக்கத்து வீட்டுப் பகவதி வடிவத்தில்.

பகவதி தினமும் எங்கள் வீட்டில்தான் சீரியல் பார்ப்பாள். அவள் வீட்டு டிவியை அவள் புருஷன் நியூஸுக்கு எழுதி வாங்கிக்கொண்டான். திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்விட்டதால் தப்பித்தேன். செவ்வாய் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் நம்ம பிள்ளை பெட்டியோடு ரோட்டில் நிற்கிறாள். மழை. மழையென்றால் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்ட மாதிரி மழை. நான் ரத்தினபாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "நம்ம பிள்ள சந்தைக்குப் போயிருக்கா. மீன் வாங்கப் போறா. நல்ல நெய்மீன் வந்திருக்கு."

பகவதி என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அவ மழையில நனைஞ்சிட்டு—"

"பகவதி, அடுக்களையில பால் பொங்குது, வந்து பாரு."

அடுக்களையில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். இடது கண் கதையும் சொன்னேன், அது அவளுக்கே தெரியும். பகவதி வாயில் கை வைத்தாள். "மைனிக்க கண்ணுக்காகவா? அப்பம் நானும் கூட நிக்கேன் அண்ணாச்சி. ஆனா எனக்குப் பொய் வராது."

"நீ பொய் சொல்லாண்டாம். சும்மா இரு, போதும்."

சும்மா இருப்பது என்றால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரையில் அந்தப் பிள்ளை மழையில் மண்டியிட்டு அழுகிறாள். பகவதிக்கும் பொங்குகிறது. நான் ஒரு பக்கம் நெய்மீனை வெட்டிக் கழுவிக் குழம்பு கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஏட்டி பகவதி, என்னத்துக்கு மூக்க உறிஞ்சுக?"

"சளி மைனி."

"மீன் வாங்குனதுக்கா ஒனக்கு சளி?"

நான் குழம்பில் இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றிக் கதையைக் காப்பாற்றினேன்.

புதன்கிழமை எனக்குக் கை வந்துவிட்டது. தொழில் என்றால் அப்படித்தான், முதல் ரெண்டு நாள்தான் பயம். டிவியில் நம்ம பிள்ளை ஏதோ ஆசிரமத்து வாசலில் கிடக்கிறாள். தூண் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்க்கிறான். இந்தப் பயலைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்யாணம் முடித்தவன் வாயைத் திறக்க வேண்டாமா? என் கதையில் அவனை லாரியில் ஏற்றிப் பாத்திரம் இறக்கவிட்டேன்.

"லாரியா? அந்த வீட்டுல ஏது லாரி?" — ரத்தினபாய்.

"புதுசா ஒரு ஆள் வந்திருக்காரு. பெரிய பந்தல் கான்ட்ராக்டர். அந்தக் குடும்பத்தையே எடுத்து நிறுத்தப் போறாரு."

"ஆளு எப்பிடி?"

"நல்ல வாட்டசாட்டம். வெள்ள வேட்டி. மீசை. பேச்சுண்ணா பேச்சு. வந்து நின்னாலே நகைக்கடை எழும்பி நிக்கா."

"எல்லாரும் நிக்கத்தானே செய்யாவ அந்த வீட்டுல... வயசு என்ன இருக்கும்?"

"ஒரு நாப்பத்தஞ்சு."

ரத்தினபாய் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கல்யாணம் ஆனவரா அவரு?"

"ஆயிட்டு. நல்ல பெஞ்சாதி."

"கொள்ளாம், நல்லதுதான்," என்றாள். பகவதி எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை... இனிமேல்தான் கவனமாக வாசிக்க வேண்டும்.

அன்றைய நிஜக் கதை மகா கொடுமை. நம்ம பிள்ளை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார். கண்ணாடியைக் கழற்றினாலே கெட்ட செய்திதான். பகவதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நான் என் கதையில் கதவுக்காரிக்குக் கல்யாணம் வைத்தேன்.

கல்யாணம் என்று வந்துவிட்டால் எனக்கு யார் குறுக்கே நிற்க முடியும்? பந்தல் போட்டேன். வாழை கட்டினேன். தோவாளைப் பூவை மூட்டை மூட்டையாக இறக்கினேன். நகைக்கடைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் சண்டை மூட்டிவிட்டேன். சண்டை இல்லாமல் கல்யாணமா? நகைக்கடை முறைத்துக்கொண்டு போய் வெளிவாசலில் நிற்கிறாள். சாப்பிட வரமாட்டேன் என்கிறாள்.

இந்த இடத்தில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஓர் ஆள் முறுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். போகிறேன், போகிறேன் என்பார். ஆனால் செருப்புப் போட்டிருக்க மாட்டார். அவரிடம் கெஞ்சினால் காரியம் கெட்டது. நியாயம் பேசினால் அதைவிடக் கெட்டது. நான் என்ன செய்வேன் தெரியுமா? நேரே போய், "அண்ணாச்சி, பிரதமன் பாயசம் இறக்கப் போறோம். இனிப்பு போதுமாண்ணு ஒரு தரம் பாத்துச் சொல்லணும். உங்க நாக்கு சொன்னாத்தான் எனக்குத் திருப்தி" என்பேன். அவ்வளவுதான். மனுஷன் பந்தலைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுக்கு வருவார். கரண்டியில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைப்பார். வானத்தைப் பார்ப்பார். "ஒரு பொடி ஏலக்காய் சேக்கலாம்" என்பார். சேர்த்தது போல நான் கையை ஆட்டுவேன். அப்புறம் முதல் பந்தியில் முதல் இலையில் அவரே இருப்பார்.

எவ்வளவு பெரிய பிணக்கும் எங்கள் தொழிலில் இலை போடுவதற்குள் தீர்ந்தாக வேண்டும். சோறு ஆறிவிடும். சீரியல்காரர்களுக்குச் சோறு ஆறுகிற கவலை இல்லை. அதனால்தான் ஒரு பிணக்கை ஒரு வருஷம் ஓட்டுகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நகைக்கடையைச் சமையல்கட்டுக்குக் கூட்டி வந்து பிரதமனை ருசி பார்க்க வைத்தேன். ஏலக்காய் சொன்னாள். முதல் பந்தியில் உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் சம்பந்தியம்மாள். எதிரே நம்ம பிள்ளை. எனக்கே ஆவேசம் வந்துவிட்டது. எழுந்து நின்று சொன்னேன்:

"அவியல் வச்சாச்சு, எரிசேரி வச்சாச்சு, இப்பம் பிரதமன் வருது. நகைக்கடை மட்டிப்பழத்த உரிச்சுப் போடுகா. அடுத்தால ரெண்டு பப்படத்த எடுத்து, பிரதமன்ல போட்டு நொறுக்குகா. நல்லாப் பெசைஞ்சு, முட்டங்கை வரைக்கும் வழிய வழிய—"

"நில்லுங்க," என்றாள் ரத்தினபாய்.

நின்றேன்.

"நகைக்கடை பப்படத்த நொறுக்குனாளா?"

"நொறுக்குனா."

"பிரதமன்ல?"

"பின்ன வேற எதுல?"

"அந்த வீட்டுல?" குரல் லேசாக நடுங்கியது. "மெட்ராஸ் பங்களாவுல... ஸ்பூன் போட்டு இட்லி திங்கிற வீட்டுல... அவ பிரதமன்ல பப்படம் நொறுக்கித் தின்னா? மட்டிப்பழம் அவளுக்கு ஆருங்க கொண்டு குடுத்தா? வடசேரி சந்தையில இருந்து அந்த பந்தல்காரரு கொண்டு போனாரோ?"

தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்கள் வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள் — பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் பழத்தோடு பிசைந்து தின்பது எங்கள் பக்கம் மட்டும்தான். மற்ற ஊர்களில் அதைச் செய்தால் எழுந்து வேறு இலைக்குப் போய்விடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கல்யாணம் என்று கண்ணை மூடினால் எனக்கு வேறு கல்யாணம் தெரிவதில்லை. என்ன செய்ய?

"மொதல்லயே எனக்கு சம்சயம்தான்," என்றாள் ரத்தினபாய். "நாப்பத்தஞ்சு வயசு பந்தல்காரரு... நல்ல பெஞ்சாதி..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் சத்தமே இல்லாத சிரிப்பு. பிறகு நாற்காலி சத்தம் போட்டது. பகவதி அதற்கே காத்திருந்தவள் போலத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மைனி, செவ்வாக்கிழம அவ மழையில கெடந்து அழுகா... இவரு மீன் கழுவுகாரு மைனி..."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது.

இடது கண். வலது கண். ரெண்டிலும்.

கை போயிற்று. முந்தானை போயிற்று. பழகின கை — அதற்கு அழுகையும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. நான் மேஜையைத் தாண்டினேனா சுற்றினேனா என்று தெரியவில்லை. ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

"விடுங்க, வழியுது."

"வழியட்டும்."

"கழுத்துக்குள்ள போவுது."

"போவட்டும். ஏட்டி பகவதி, சிரிக்காத. நீ சிரிச்சா இவ நிறுத்தமாட்டா."

"நான் நிறுத்திட்டேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் பகவதி மறுபடி சிரித்தாள். ரத்தினபாயும் மறுபடி. சிரிப்பை அடக்க நான் என்ன கதை சொல்வது? என்னிடம் இருந்தது அந்தக் கதைதானே. "நகைக்கடை பாவம்லா" என்று ஒரு வார்த்தை சொன்னேன், நிலைமை இன்னும் மோசமாயிற்று.

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கை முந்தானைக்கு இழுக்கிறது, நான் விடவில்லை. ஆலயத்தில் எங்கள் கல்யாணத்தன்று பாஸ்டர் கையைச் சேர்த்து வைத்தபோதுகூட இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. அன்றைக்கு எனக்குப் பந்தலில் நாற்காலி குறைகிற கவலை.

தண்ணீர் தானாக நின்றது. பகவதி ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சை எடுத்துக் கன்னத்தை மட்டும் ஒற்றினாள். கண் பக்கம் போகவில்லை. ஆனால் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. இடது கண் கெட்டபோது எப்படிச் சிவந்ததோ, அப்படி.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வெப்ராளம், ஒரே பதற்றம். எத்தனை கல்யாணத்தில் மழை வந்திருக்கிறது, காற்று வந்திருக்கிறது, பந்தலே பறந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் நெஞ்சில் கை வைத்தவனில்லை. வெள்ளிக்கிழமை காலை சாயாகூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அழாமல் பார்த்துக்கொள் என்றார்கள். அழாமல் பார்த்துக்கொண்டேன். சிரிக்க வைத்து அந்தக் கண்ணைக் கெடுத்துவிட்டேனோ?

டாக்டரம்மா மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவர் கண்ணாடி போட்டிருந்தார். எனக்கு ஒரே பயம், கழற்றிவிடுவாரோ என்று.

கழற்றவில்லை.

"கண்ணு கொஞ்சம் கலங்கியிருக்கே. அழுதீங்களாம்மா?"

"இல்ல டாக்டரம்மா. சிரிச்சேன்."

"தேய்ச்சீங்களா?"

"தேய்க்க எங்க விட்டாரு? ரெண்டு கையையும் புடிச்சு வச்சுக்கிட்டு நின்னாருல்லா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

"கண்ணு நல்லா இருக்கு. சிவப்பு தானா மாறிடும்," என்றார். "போய் அந்த எழுத்தைப் படிங்க."

ரத்தினபாய் படித்தாள். பெரிய எழுத்து. அடுத்த வரி. அடுத்தது. கடைசி வரி வரைக்கும் தட்டாமல் படித்தாள். "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அட்டையின் அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்த பிரஸ் பெயரையும் படித்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஆப்பரேஷன் செய்தது டாக்டர்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆப்பரேஷனுக்குப் பிறகு வியாழக்கிழமை வரை கொண்டுவந்தது யார்?

"நாளைக்கு டிவி பாக்கலாம். தள்ளி உக்காந்து பாருங்க," என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படி என்னதான் சிரிச்சீங்க?" என்று கேட்டார்.

முழுக் கதையும் சொன்னேன். நெய்மீனிலிருந்து பப்படம் வரைக்கும். வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை. டிவிக்குச் சத்தம் திரும்பி வந்தது. ரத்தினபாய் நேர் முன்னால் உட்கார்ந்தாள். வாரத்தின் நிஜக் கதையைப் பகவதி மளமளவென்று ஒப்பித்தாள் — செயின், அடி, மழை, ஆசிரமம், ஆஸ்பத்திரி. ரத்தினபாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

எனக்கோ பயம். கண் தேறினாலும் தேய்க்கக் கூடாதென்ற சட்டம் இன்னும் இருக்கிறது. அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். நம்ம பிள்ளை கண்ணைத் திறக்கிறாள். யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறாள். யாருமில்லை. தூண் கதவு வரை வருகிறான். நிற்கிறான். திரும்பிப் போகிறான். வயலின் எழும்பியது.

ரத்தினபாய் அசையவில்லை. முந்தானை மடியில் மடித்தபடி கிடந்தது. புதுக்கண்ணால் நகைக்கடையை மேலிருந்து கீழே அளந்தாள்.

"சவம், நகையெல்லாம் கவரிங்," என்றாள். பிறகு, "இதுக்கா நான் ஒரு கண்ணக் குடுத்தேன்?" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கண் பிழைத்தது ஒரு சந்தோஷம். அழுகை பிழைக்காமல் போனது அதைவிடப் பெரிய சந்தோஷம். இனி எந்த டைரக்டர் எந்தத் தாத்தாவைக் கொன்றாலும் என் வீட்டில் பலிக்காது.

அப்போது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஏட்டி பகவதி, இன்னும் சளி போகல்லியா?"

"நான் இல்ல மைனி," என்றாள் பகவதி.

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இஞ்ச பாருங்க... நீங்களா அழுகிய?"

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் கேட்டதெல்லாம் என் கதை. ஆனால் என் கண் பார்த்ததெல்லாம் அந்தப் பிள்ளையின் கதை. வாரம் பூராவும், வசனம் இல்லாமல், பாட்டு இல்லாமல், அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும் கண் மழையில்தானே நின்றது? சீரியல்காரர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு நல்ல நடிகையை வைத்திருக்கிறார்கள். வயலினை நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். எப்படியாவது அந்தப் பிள்ளை பிழைத்து எழும்ப வேண்டும். வயிற்றில் வேறு ஒன்று இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தல் வேண்டுபவர்கள் ஏழரைக்கு முன்னாலோ எட்டு மணிக்குப் பின்னாலோ போன் செய்யுங்கள்... நடுவில் செய்தால் எடுக்க மாட்டேன்.